மூன்று வருஷமாக எங்கள் ஐ.சி.யு.வில் இருக்கும் கார்டியாக் அவுட்புட் மொனிட்டர்

வயர் செருகும் இடம் உடைந்து, திருத்தக் கொழும்புக்குப் போன மொனிட்டர், ஆறு கிழமைக்குப் பிறகு போன வாரம்தான் எங்கள் மலைநாட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தது. அதே நாளில், என்னோடு தாதியர் பயிற்சி பெற்ற தோழி பதுளைப் பக்கமிருந்து கேட்டாள்: "எங்களுக்கும் ஒன்று கேட்கப் போகிறோம். நல்லதாடி?"

இதயம் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் இரத்தம் இறைக்கிறது (அதுதான் கார்டியாக் அவுட்புட், இதய வெளியீடு) என்பதை, தமனிக்குள் செருகிய ஆர்ட்டீரியல் லைன் குழாயின் பிரஷர் அலையைப் படித்துக் கணக்குப் போடும் வகை இது. மற்ற விவரமெல்லாம் அவளுக்கே தெரியும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். எலிக்காய்ச்சலோடு வந்த ஒரு தோட்டத் தொழிலாளி. பிரஷர் விழுகிறது, சிறுநீர் இல்லை, நெஞ்சில் ஏற்கெனவே இரைச்சல். சேலைன் கொடுப்பதா, வேண்டாமா? 45 பாகையில் சாய்ந்திருந்தவரைக் கட்டிலோடு தாழ்த்திக் கால்களை உயர்த்தினோம். காலில் இருக்கும் அவருடைய சொந்த இரத்தமே ஏறத்தாழ 300 மி.லீ. இதயத்துக்கு வரும், இறக்கினால் திரும்பிப் போய்விடும். பிரஷரை அளக்கும் டிரான்ஸ்டியூசரை மறுபடி நெஞ்சு மட்டத்துக்கு வைத்துவிட்டு ஒரு நிமிடம் பார்த்தேன். இதய வெளியீடு 10 சதவீதமாவது கூடியிருந்தால் சேலைன் உதவும். அசையவே இல்லை. டொக்டர் சேலைனை நிறுத்தி, பிரஷரை ஏற்றும் மருந்தான நோரட்ரினலினைக் கூட்டினார். அந்த நுரையீரலில் இன்னும் தண்ணீர் ஏறாமல் தடுத்தது இந்த மொனிட்டர்தான்.

சரி, இனி என் கோபம். அலை கெட்டுப்போனால் இது வாயே திறக்காது. ஒரு நாள் விடியற்காலை 2 மணிக்கு, 5.1 லீற்றர் என்று இருந்தது திடீரென 2.9 ஆனது. டொக்டர் போனிலேயே 500 மி.லீ. சேலைன் போடச் சொன்னார். நோயாளியைத் தொட்டேன். பாதம் சூடு. அந்த மணிக்கு 40 மி.லீ. சிறுநீர். கூப்பிட்டால், "என்ன மிஸ்?" என்கிறார். திரையில் அலை மட்டும் கூர் மழுங்கி மண்மேடு மாதிரி. லைனுக்குள் சேலைனைத் தள்ளும் பிரஷர் பேக் 300இல் இருக்க வேண்டும், 180க்கு இறங்கியிருந்தது. லைனின் குழாய்கள் சந்திக்கும் திரீ வேயில் கடுகளவு காற்றுக் குமிழி. "டொக்டர், அலையே சரியில்லை, ஐந்து நிமிடம் தாங்க" என்றேன். குமிழியை இழுத்தெடுத்து, பேக்கை ஏற்றி, லைனுக்குள் சேலைனைப் பாய்ச்சி ஃப்ளஷ் பண்ணினேன். அலை இரண்டு தரம் துள்ளி நேரானது. 4.9.

அலை மழுங்கினால் மேல் பிரஷர் குறைந்து கீழ் பிரஷர் ஏறும், இடைவெளி சுருங்கும். மொனிட்டர் அதை இதயத்தின் பலவீனம் என்று எண்ணி, தசமப் புள்ளியோடு அடித்துச் சொல்கிறது. புதிதாக வந்த தாதி அந்த இலக்கத்தை அப்படியே சார்ட்டில் எழுதுவாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஓர் எச்சரிக்கை ஒலி வைக்க விற்றவர்களுக்கு என்ன கஷ்டம்? மூன்று வருஷமாகக் கேட்கிறேன்.

உயரமும் நிறையும் கேட்கும் என்பது இன்னொன்று. மயங்கி வந்தவரின் நிறை வீட்டாருக்கும் தெரியாது. ஆகவே தலையிலிருந்து குதிகால் வரை டேப் வைத்து உயரத்தை அளந்து, அதிலிருந்து நிறையை மதிப்பிடுகிறோம். தட்டுப்பாடு வந்தபோது சென்சர் வராமல் இது துணி போர்த்திக் கிடந்ததும் நினைவிருக்கிறது.

மொனிட்டர் கொழும்பில் இருந்த அந்த ஆறு கிழமை எப்படிச் சமாளித்தோம்? விரல் நுனியை 10 செக்கன் அழுத்தி விட்டு, நிறம் 3 செக்கனுக்குள் திரும்புகிறதா என்று பார்த்தோம். 2019இல் வந்த அன்ட்ரோமெடா-ஷொக் ஆய்வு, இரத்தப் பரிசோதனையில் பார்க்கும் லக்டேட் அளவோடு ஒப்பிட்டதும் இதைத்தான். எங்கள் குளிரில் கையைக் கம்பளிக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிறம் தாமதமாகத்தான் திரும்பும். டெங்குக்காரருக்கு இரண்டு பிரஷருக்கும் இடையிலான வித்தியாசம் ஆபத்தான 20க்கு வந்துவிட்டதா என்று பார்த்தோம். மொனிட்டர் அளவுக்குத் துல்லியம் வராது, உண்மைதான்.

ஆனாலும் தோழிக்கு, "வேண்டாம்" என்றுதான் எழுதினேன். கால் உயர்த்தும்போது அது செய்த உதவியை மறக்கவில்லை. ஆனால் நேற்று இரவும் அதே மழுங்கிய அலை, அதே மௌனம்.

இன்றைக்கும் எனக்கு நைட். நாலாம் கட்டிலில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. போனதும் முதலில் பிரஷர் பேக்கைப் பார்க்க வேண்டும்.