மூன்று சுமோ மைப்படங்கள், அதில் உப்பு வீசுகிற ஒருவர்

வாலிநோக்கம் உப்பளத்தில் எடைமேடையில் எனக்கு வேலை. ஜனவரி, மார்ச், மே என்று ஒற்றைப்படை மாதங்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் செல்போனில் சுமோ ஓடும், ஜப்பான்காரர்களின் மல்யுத்தம். வருடத்துக்கு 6 போட்டி, ஒவ்வொன்றும் 15 நாள். பெரிய வீரர்கள் மோதுவது ஜப்பானில் சாயங்காலம். நம் கணக்குக்கு 2.30 மணிக்கெல்லாம் முடிந்துவிடும். நான் கபடி ஆடியவன். ஒருவர் எப்படிக் குனிந்து, எந்தக் காலில் எடையை வைத்து நிற்கிறார் என்பதில்தான் என் கண் போகும்.

சுமோ வீரர்களைக் கறுப்பு மையில் நாலைந்து கோட்டில் வரைந்து விற்கிறார்கள் என்று தெரிந்ததும் மூன்று படம் சேர்த்து 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். ஜப்பானில் இதற்கான மையைப் புகைக்கரியோடு பசை சேர்த்துக் கட்டியாக்கி, சந்தனம் மாதிரி கல்லில் தண்ணீர் விட்டு இழைத்து எடுப்பார்கள். எங்கள் ஆச்சி ஆமணக்கெண்ணெய் விளக்கில் கரி பிடித்துக் கண்மை செய்த அதே வழிதான்.

முதல் படத்தில் ஒருவர் ஒரு காலைத் தோளுக்கு மேல் தூக்கியிருக்கிறார். ஷிகோ என்பார்கள், தூக்கிய காலைத் தரையில் ஓங்கி மிதிப்பது. தூக்கிய பாதத்தில் தொடங்கிய கோடு தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் ஒரே இழுப்பில் வந்து பிடரியில் முடிகிறது. முடிகிற இடத்தில் தூரிகையில் மை தீர்ந்து, முடி முடியாகப் பிரிந்து, நடுவே வெள்ளைக் காகிதம் தெரிகிறது. ஊன்றிய காலில் நேர் எதிர். அங்கே தூரிகையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கிறார்கள். மை ஊறிப் பரவி நிற்கிறது. அந்த ஆளின் எடை முழுவதும் அந்தக் கறையில் இருக்கிறது.

இரண்டாவது படத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். வளையத்துக்குள் போகும்போது ஒருவர் உப்பை அள்ளி வீசுகிறார். நமக்கு முதுகு காட்டி நிற்கிறார், வலது கை மேலே. கைக்கு மேலே வானம் மாதிரி சாம்பல் நிறத்தில் மை கலந்த தண்ணீர் ஒரு வீச்சு. அதில் உப்பு தெறிக்கிறது. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டுகூடக் கிடையாது. மை படாமல் விட்ட காகிதம்தான் உப்பு. மே மாத வெயிலில் பாத்தியில் நின்றவர்களுக்கு இது புரியும். உப்புக்கு விளிம்பே தெரியாது, கண் கூசும். பக்கத்தில் ஈரமான கறுப்பு வரப்பு இருந்தால்தான் இது உப்பு என்று கண் பிடித்துக்கொள்ளும். வரைந்தவர் உப்பளத்தைப் பார்த்தாரோ இல்லையோ, உப்பைப் பார்த்திருக்கிறார்.

அம்மா முப்பது வருஷம் உப்பு வாரியவர். படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏய்யா, திருஷ்டி கழிக்கிறானா?"

"ஆமாம்மா. ஆடுகிற இடத்தைச் சுத்தம் பண்ணுகிறார்கள்."

"அப்ப சரி. கை நிறைய அள்ளியிருக்கான். அப்படித்தான் அள்ளணும்."

மூன்றாவது படம் எனக்கு வருத்தம். இருவர் மோதுகிறார்கள், ஒருவர் இடுப்பில் வெள்ளை வடக்கயிறு, அதில் காகிதத் தொங்கல். அந்தக் கயிறு யோகோசுனா என்ற உச்ச நிலை வீரருக்கு உரியது. வளையத்துக்குள் நுழையும் சடங்கில் மட்டும் கட்டுவார், மோதும்போது இருக்காது. அதைவிடப் பெரிய குறை, திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் துளி மை ஊறவில்லை. மற்ற இரண்டிலும் மை பின்னால் வரை இறங்கியிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்ததும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது, அச்சு. 'அனைத்தும் கைப்பட வரைந்தவை' என்று போட்டு விற்றது தப்பு. எழுதிக் கேட்டேன், மறுக்காமல் 500 ரூபாய் திருப்பி அனுப்பினார்கள். அந்த வாசகம் மட்டும் விளம்பரத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒன்று. முதல் படத்துக்குச் சட்டம் போட்டவர் காகிதம் கண்ணாடியில் ஒட்டி நிற்கும்படி போட்டுவிட்டார். இரண்டே மாதத்தில் உப்புக்காற்றின் ஈரம் இறங்கி ஓரம் அலை அலையாக எழும்பிவிட்டது. கழற்றி, சுற்றிலும் கெட்டி அட்டை கொடுத்து, கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடைவெளி விட்டு மறுபடி போட்டேன். இரும்பு ஆணி இங்கே துருப்பிடித்துச் சுவரில் வழியும். பித்தளைக் கொக்கியில் தூண்டில் நரம்பு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டாம். உப்பு வீசுகிற படத்தைத் தனியாகக் கேட்டால் 900 ரூபாய்க்குத் தருகிறார்கள். என்னுடையது இப்போது எடைமேடை அறையில், லாரிக்காரர்கள் சீட்டு வாங்க நிற்கிற பக்கச் சுவரில் இருக்கிறது.