நார்னியா: விளக்குக் கம்பத்தில் தொடங்குவதா, அதன் பிறப்பில் தொடங்குவதா?

நார்னியா என்ற மாய உலகைப் பற்றிச் சி. எஸ். லூயிஸ் எழுதிய சிறார் நாவல் வரிசையில் முதலில் வெளிவந்த 1950ஆம் ஆண்டு நூலையா (‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’), கதைக்காலத்தில் முந்திய 1955ஆம் ஆண்டு நூலையா (‘தி மெஜிஷியன்ஸ் நெவ்யூ’) முதலில் வாசித்துக் காட்டுவது என்ற தயக்கம், நாகர்கோவிலில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பெற்றோருக்கும் உண்டு.

வியப்பு: 1950ஆம் ஆண்டு நூலில், பனிக்காட்டின் நடுவே காரணம் தெரியாமல் ஒரு விளக்குக் கம்பம் எரிகிறது. 1955ஆம் ஆண்டு நூலோ, லண்டன் விளக்குக் கம்பத்திலிருந்து சூனியக்காரி பிடுங்கிய இரும்புத் துண்டு, அவள் அதை அஸ்லான் என்ற சிங்கத்தின்மீது எறிந்தபோது அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த நார்னியாவின் புதுமண்ணில் விழுந்து, செடிபோல் வளர்ந்து விளக்கானது என்று சொல்லிவிடுகிறது. நாகர்கோவில் பக்கத்து மருந்துவாழ்மலையை நாள்தோறும் பார்த்து வளரும் பிள்ளை, அது அனுமன் சுமந்த மலையிலிருந்து விழுந்த துண்டு என்று பின்னர் கேட்கும்போது கொள்ளும் சிலிர்ப்பே இங்கும் வேண்டும்; மலையையே காணாதவருக்கு அக்கதை வெறும் செய்திதான்.

எளிமை: 1950ஆம் ஆண்டு நூலில் நான்கு குழந்தைகள், நார்னியாவுக்குள் நுழைய ஓர் அலமாரி.
1955ஆம் ஆண்டு நூலில் உலகம் விட்டு உலகம் செல்ல மோதிரங்கள், பல உலகங்கள்.

ஆகவே, முதன்முறை கேட்கும் ஏழெட்டு வயதினருக்கு 1950ஆம் ஆண்டு நூலே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஏழு நூல்களையும் ஒருமுறை முடித்துவிட்டு, நிகழ்வுகளைக் கால வரிசையில் மீண்டும் படிக்க விரும்பும் பெரிய பிள்ளைகள் 1955ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்கலாம்.