உருசாயா, யகமஷீயா?

ஜப்பானிய மொழியில் ஓரளவு தேறியவர்களும் தடுமாறும் இடம் இது. அகராதியில் உருசாய், யகமஷீ இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: இரைச்சல், நச்சரிப்பு, கறார்.

சத்தம்: கட்டட வேலை, சில்வண்டு, குரைக்கும் நாய் என எதற்கும் இரண்டுமே செல்லும். பேச்சில் அதிகம் காதில் விழுவது உருசாய்.

சத்தமில்லாத தொல்லை: உருசாய் மட்டும். கண்ணை மறைக்கும் முன்முடி உருசாய். கண்ணை உறுத்தும் பூப்போட்ட சட்டையும் உருசாய். 'ஐந்தாம் மாதத்து ஈ' என்று பொருள்படும் எழுத்துகளால் இதை எழுதுவதும் உண்டு. முகத்தைச் சுற்றும் ஈயைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கறார்: இங்குதான் நுணுக்கம். இரண்டுக்கும் முன்னால், எதில் கறார் என்பதைக் காட்டும் 'நி' என்ற இடைச்சொல் வரும். 'கோஹீ நி வா உருசாய்' என்று ஒருவர் தன்னைப் பற்றியே சொன்னால், காப்பியில் எனக்கு ருசி தெரியும் என்ற பெருமிதம். 'ஜிகான் நி யகமஷீ' என்றால் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் பிடித்துக்கொள்ளும் மேலாளர். அதில் கண்டிப்புதான் தூக்கல்.

'சும்மா இரு!' என்ற அதட்டல்: உருசாய் எங்கும் உண்டு. யகமஷீயில் கான்சாய் (ஒசாகா, கியோட்டோ வட்டாரம்) வாடை. ஒசாகாவின் மன்சாய் (இருவர் பேசிச் சிரிக்கவைக்கும் நகைச்சுவை) மேடையில் 'யகமஷீ வா!' என்றால் சிரிப்பு.

அன்றாடப் பேச்சுக்கும் ரசனையைச் சொல்லவும் உருசாய். விதி, நேரம், ஒழுங்கு என்று விரட்டுபவருக்கு யகமஷீ. பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டுமே வேண்டாம். 'ஷிசுகா நி ஷிதே குதாசாய்' (தயவுசெய்து அமைதியாக இருங்கள்) போதும்.