மேட் பினிஷ் கிரானைட் என்று சொல்லிக் கடப்பாவைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

சமையல் மேடைக்குப் பளபளப்பில்லாத மேட் பினிஷில் கருப்பு கிரானைட் தேடுகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

'ஜெட் பிளாக், மேட் பினிஷ்' என்று எங்களுக்கு விற்றது கிரானைட்டே இல்லை, கடப்பா கல். வாங்கியது மட்டும் கிரானைட் விலை. பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட்டில் முகம் தெரியும், கடப்பாவில் அந்த அளவு மினுக்கு வராது, அதனால் பளபளப்பான கல்லில் ஏமாற்றுவது கஷ்டம். மேட் என்று வந்துவிட்டால் இரண்டுமே கருப்பாக, மங்கலாக, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். கடையில் கல்லின் மேல் எண்ணெய் வேறு தடவி வைத்திருந்தார்கள், கருகருவென்று அப்படி ஒரு நிறம்.

புழங்க ஆரம்பித்ததும் குட்டு வெளிப்பட்டது. புளி கரைத்த பாத்திரம் வைத்த இடத்தில் அதன் அடி வட்டமாக அப்படியே வெளுத்து நின்றது. விரலால் தடவினால் அந்த வட்டம் மட்டும் சொரசொரப்பு. கடைக்காரரைக் கேட்டால், "மேட்னா அப்படித்தான் சார், சீலர் அடிச்சா சரியாயிடும்" என்று அதற்கும் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பினார். சீலர் எண்ணெயும் தண்ணீரும் கல்லுக்குள் இறங்காமல் தடுக்கும், அவ்வளவுதான். கடப்பா என்பது சுண்ணாம்புக்கல், எலுமிச்சையும் புளியும் பட்டால் மேற்பரப்பே அரிக்கும், அதற்குச் சீலர் என்ன செய்யும்?

கடைசியில் சிங்க் கசிவு பார்க்க வந்த கொத்தனார்தான் அறுத்த விளிம்பில் டார்ச் அடித்துக் காட்டினார். கிரானைட் என்றால் பொடிப் பொடியாக மணிகள் மினுங்க வேண்டும், இதில் சிலேட்டுப் பலகை மாதிரி ஒன்றுமே இல்லை. "அண்ணே, இது ஷெல்புக்குப் போடுற கல்லுண்ணே" என்றார். கடப்பா மட்டமான கல் என்று சொல்லவில்லை, ஷெல்புக்கும் லாப்டுக்கும் அருமையான கல். அதைப் பல மடங்கு விலை வைத்து அடுப்பு மேடைக்குத் தள்ளிவிட்டதுதான் அயோக்கியத்தனம்.

கடையில் நீங்கள் தேர்ந்தெடுத்த அதே பலகையிலிருந்து ஒரு துண்டு கேளுங்கள். சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கழுவி, எலுமிச்சைச் சாறு விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள், வெளுத்தால் வேண்டாம். கத்தி முனையால் அழுத்திக் கீறினால் சுண்ணாம்புக்கல்லில் பள்ளம் விழும், கிரானைட்டில் விழாது. நகப்பாலிஷ் ரிமூவரில் வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்தால் கருப்பு ஒட்டுகிறதா என்றும் பாருங்கள், சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்பவர்களும் உண்டு. துண்டு தர மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

நிஜமான கிரானைட்டாகவே இருந்தாலும் கருப்பு மேட்டில் எண்ணெய்க் கை பட்ட இடமெல்லாம் அச்சுப் போலத் தெரியும், அதற்குத் தயாராக இருங்கள். தோல் மாதிரி மேடு பள்ளமாக இருக்கும் லெதர் பினிஷில் அது அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அந்தப் பள்ளத்தில் தோசை மாவு காய்ந்தால் பிரஷ்தான் எடுக்க வேண்டும். தினமும் துடைக்கப் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு வெந்நீரில் போதும். ஆசிட், பாத்ரூம் கிளீனர் பக்கமே போகாதீர்கள். தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷத்தில் அந்த இடம் கருத்தால், சீலர் அடிக்கும் நேரம் வந்துவிட்டது.

அப்புறம் பில். எங்கள் பில்லில் 'பிளாக் ஸ்டோன் மேட்' என்றுதான் இருக்கிறது, கிரானைட் என்ற வார்த்தையே இல்லை, திட்டமிட்டே செய்திருக்கிறார்கள். கல்லின் பெயர், கனம், சதுர அடி எல்லாம் எழுதி வாங்குங்கள். நல்லவேளையாக, கிரானைட் என்று கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் அழியாமல் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தாயிற்று. சீலர் காசை மட்டும் திருப்பித் தருகிறேன் என்கிறார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, அடுத்து அங்கேதான் போகப் போகிறேன்.