பிக்கிபேக் பெட்டியா, இசியு ரீஃப்ளாஷா? நாள்பட ஓட்டும்போது தெரிபவை

ஸ்லிப்-ஆன் சைலன்சர் (எக்ஸாஸ்டின் கடைசிப் பகுதி) மட்டும் மாற்றிய பைக்குக்கு, பெட்ரோல் அளவைத் திருத்தும் டியூனிங் கருவி பெரும்பாலும் தேவையில்லை. முழு எக்ஸாஸ்டும், காற்றைத் தாராளமாக விடும் ஃபில்டரும் சேர்த்துப் போட்ட பிறகுதான் பிக்கிபேக் பெட்டி வாங்குவதா, இசியுவில் (இன்ஜினை இயக்கும் கணினி) இருக்கும் மென்பொருளையே மாற்றி எழுதும் ரீஃப்ளாஷுக்குப் போவதா என்ற கேள்வியே வருகிறது.

பவர் கமாண்டர், ரேப்பிட் பைக் போன்ற பிக்கிபேக் பெட்டிகள் இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. கழற்றிவிட்டால் வண்டி பழையபடி ஆகிவிடும். முதல் வாரம் எல்லோருக்கும் பிடிக்கும். குறை பிறகுதான் தெரியும். சீரான வேகத்தில் போகும்போது இசியு ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் காற்று-பெட்ரோல் கலவையை 14.7:1 பக்கம் இழுக்கும். பெட்டி 5 சதவீதம் பெட்ரோல் கூட்டினால் இசியு அதையே கழிக்கும். ஆகவே அந்த சென்சார் சிக்னலைப் பெட்டி எப்படிக் கையாள்கிறது என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். குதிரைத்திறன் விளம்பரத்தைவிட இதுதான் முக்கியம்.

கலவையை அளந்து பெட்டியின் மேப்பை (பெட்ரோல் அளவு அட்டவணை) தானே திருத்தும் ஆட்டோட்யூன் சேர்த்தால், அதன் வைடுபேண்ட் ஆக்சிஜன் சென்சாருக்கு எக்ஸாஸ்ட் குழாயில் எம்18x1.5 மரையுள்ள பங் (சென்சாரைத் திருகும் வளையம்) வெல்டிங் செய்ய வேண்டும். சென்சார் கிடைமட்டத்துக்கு மேல் குறைந்தது 10 டிகிரி சாய்ந்து நிற்கட்டும். இல்லையென்றால் நீர்த்துளி தேங்கி அதன் உள்ளிருக்கும் செராமிக் விரிசல் விடும். எக்ஸாஸ்டுக்குள் வெளிக்காற்றை அனுப்பும் வால்வு இருந்தால் அடைத்துவிடுங்கள். ஹெடர் கேஸ்கெட்டில் சிறு கசிவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டு வழியாக நுழையும் காற்றைக் கருவி ‘லீன்’ (பெட்ரோல் குறைவு) என்று படித்து, வேண்டாத பெட்ரோலை ஊற்றிக்கொண்டே போகும். மேப்பில் மூடிய த்ராட்டிலுக்கான கட்டங்களில் +15, +20 சதவீதம் என்று திருத்தம் ஏறினால் மேப்பைக் குறை சொல்லாமல் கசிவைத் தேடுங்கள். திருத்த எல்லையை 10 சதவீதத்தில் வைத்து இரண்டு மூன்று டேங்க் ஓட்டி, வந்த திருத்தங்களை மேப்பில் ஏற்றுக்கொண்டு, பிறகு ஆட்டோட்யூனை அணைத்துவிடலாம். சென்சாரைக் கழற்றி அந்த வளையத்துக்கு மூடி போடுங்கள். மின்சாரம் இல்லாமல் புகைக்குள் கிடக்கும் சென்சார் கரி பிடித்துச் சாகும்.

பெட்டியின் இன்னொரு பலவீனம் கனெக்டர்கள். மழையில் ஒரு சிலிண்டர் திணறி, காய்ந்ததும் சரியானால் கனெக்டரின் உலோக ஊசிகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும்போதே ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, எர்த் வயரை பேட்டரி நெகட்டிவில் நேராகக் கொடுத்தால் இந்தத் தொல்லை குறையும்.

ரீஃப்ளாஷில் புதிதாகத் தொங்குவது எதுவும் இல்லை. இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), ஃபேன் ஓடும் வெப்பநிலை, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் நடக்கும் எரிபொருள் வெட்டு எல்லாம் கைக்கு வரும். ரைடு-பை-வயர் (கேபிளுக்குப் பதில் மோட்டாரால் த்ராட்டிலைத் திறக்கும்) வண்டிகள் பலவற்றில் கீழ் கியர்களில் இசியுவே த்ராட்டில் தகட்டை முழுதாகத் திறக்க விடாது. பெட்ரோலை மட்டும் மாற்றும் பெட்டியால் அதைத் தொட முடியாது. எக்ஸாஸ்டை அடிக்கடி மாற்றாதவர்களுக்கு இதுவே மேல். டைமிங்கை மட்டும் பேராசையோடு முன்தள்ளாதீர்கள்: நாக் சென்சார் (இன்ஜினுக்குள் முறைதவறி வெடிப்பதை உணர்வது) இல்லாத வண்டியில் பிஸ்டன் அடிபடும்வரை எச்சரிக்கை எதுவும் வராது.

ஃப்ளாஷ் ஏறும்போது பேட்டரி 12.5 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஹெட்லைட் ஃபியூஸை எடுத்துவிட்டு, லேப்டாப்பின் ஸ்லீப் அமைப்பையும் அணையுங்கள். பாதியில் நின்றால் இசியு செத்த கல்லாகலாம். படிக்க முடிகிற இசியுவாக இருந்தால் ஒரிஜினல் ஃபைலை முதலில் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். சர்வீஸில் மென்பொருள் அப்டேட் போட்டால் உங்கள் மேப் அழிந்துவிடும் என்பதால், வண்டியை விடும்போதே சொல்லிவிடுவது நல்லது.