வெறும் முனையில் 5 வோல்ட் காட்டினால் நம்பிவிடாதீர்கள்

நாட்டுக்கோழி முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யக் கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் நான் செய்து வாங்கிய பெட்டி முதலில் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு ஒரு விடியற்காலை பார்த்தால் சூடு தரும் பல்பு எரியவில்லை, முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன.

கடைக்காரர், பல்பை ஏற்றி அணைக்கும் மின்காந்தச் சுவிட்சான ரிலேயின் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தார். "பாருங்கள் சார், 5 வோல்ட் சரியாக வருகிறது. ரிலேதான் போய்விட்டது" என்று சொல்லி, புது ரிலேவுக்கும் கூலிக்கும் பணம் வாங்கிக்கொண்டார். மறுபடியும் அதே கோளாறு.

மூடியைத் திறந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பெட்டியை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலரான ஏடிமெகா 328பி சிப்பின் முனையிலிருந்து ஒரே வயர், நேராக ரிலேயை இயக்கும் கம்பிச் சுருளுக்குப் போகிறது. சுருளுக்கு வேண்டிய மின்னோட்டத்தைச் சிப்புக்குப் பதிலாகத் தாங்கும் டிரான்சிஸ்டர் நடுவில் இல்லை, சுருள் அணையும்போது எழும் மின்னழுத்த எழுச்சியை அடக்கும் டயோடும் குறுக்கே இல்லை. ரிலேவோடு சேர்த்து அளந்தேன்: 3.6 வோல்ட். வயரை எடுத்தால் உடனே 5.

மைக்ரோகண்ட்ரோலர் முனைக்குள்ளேயே சுமார் 25 ஓம் தடை இருக்கிறது. எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறோமோ அவ்வளவுக்கு வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். எதையும் இணைக்காமல் அளந்தால் இந்தச் சரிவு தெரியவே தெரியாது. 20 மில்லி ஆம்பியர் எடுக்கும்போது குறைந்தது 4.2 வோல்ட் என்பதுதான் தயாரிப்பாளர் தரும் உறுதி. 40 மில்லி ஆம்பியர் தாண்டவே கூடாத வரம்பு. கடைகளில் கிடைக்கும் 5 வோல்ட் ரிலேயின் 70 ஓம் சுருளோ முழு வோல்ட்டில் 71 மில்லி ஆம்பியர் கேட்கும். அந்த ரிலே உறுதியாக இழுத்து சுவிட்சை மூட 3.75 வோல்ட் வேண்டும். சுருள் சூடாகிவிட்டால் இன்னும் கூடுதலாக வேண்டும். 3.6 வோல்ட்டில் சில நேரம் இழுக்கும், சில நேரம் கைவிடும். வரம்பு மீறி ஓடும் சிப்புக்கும் ஆயுள் குறைவு.

இத்தனைக்கும் அவர் மிச்சம் பிடித்தது ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு 1என்4007 டயோடு. எல்லாம் சேர்த்துச் சில ரூபாய்தான். அதற்காக ஒருவருடைய முட்டைகளைப் பாழாக்கி, நல்ல ரிலேயைக் கெட்டது என்று சொல்லிப் பணமும் பறிப்பது அநியாயம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "அப்போது 5 வோல்ட் காட்டினேனே" என்பதுதான் பதில்.

அந்த மூன்றையும் நானே வைத்துப் பற்றவைத்துவிட்டேன். இப்போது ரிலே இழுத்திருக்கும்போதும் முனையில் 4.9 வோல்ட் நிற்கிறது. நீங்கள் வாங்கும்போது, ரிலே இழுத்து பல்பு எரிந்துகொண்டிருக்கையில் அந்த முனையை அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள்.