மதுரை மின்கட்டணக் கருத்துக் கேட்புக் கூட்டம்: அவசியம் போங்கள், ஆனால் பில்லை மட்டும் பேசாதீர்கள்

மதுரை பக்கத்துக் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கட்டணத்தை உயர்த்தக் கேட்டு மின் கழகம் போட்ட மனு மீது, கட்டணத்தை முடிவு செய்யும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஆகஸ்ட் 18 அன்று மதுரையில் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கோவை, மதுரை, சென்னை என்று மூன்றே ஊர்களில்தான் நடந்தது. தென்மாவட்டத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் மதுரைதான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை. பேர் கொடுத்தால் கூப்பிடுவார்கள், தமிழிலேயே பேசலாம். மேடை கூச்சம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். விசைத்தறி வைத்திருப்பவர், மோட்டார் வைத்திருக்கும் விவசாயி, வீட்டு இணைப்பு மட்டும் உள்ளவர், யார் வேண்டுமானாலும் வரலாம். 2003 மின்சாரச் சட்டத்தின் 64-வது பிரிவுப்படி மக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகுதான் கட்டண ஆணை போட முடியும். பேசியது காற்றோடு போவதில்லை. வந்த ஆட்சேபங்கள், அதற்கு மின் கழகம் சொன்ன பதில், ஆணையத்தின் முடிவு எல்லாம் ஆணையிலேயே அச்சாகி வரும். அதைப் படித்துப் பார்ப்பது நம் பொறுப்பு.

பலன் இருந்ததா? கட்டணம் ஏறத்தான் செய்தது. செப்டம்பர் 10 முதல் எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கு ஃபிக்ஸட் சார்ஜ் (மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது) கிலோவாட்டுக்கு 35 ரூபாயிலிருந்து 75 ஆனது. தேவை அதிகமாக இருக்கும் பீக் ஹவருக்குக் கூடுதலாக 25 சதவீதம் போட்டார்கள். சிறுதொழில்காரர்கள் விடாமல் கேட்டதால் அது 15 ஆகக் குறைந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் குறைந்திருக்காது.

எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. நாங்கள் எல்லோரும் கட்டணத்தையே பேசினோம். ஆனால் கட்டணம் கடைசியில் வருகிற விஷயம். அடுத்த ஐந்து, பத்து வருஷத்துக்கு எவ்வளவு கரண்டு வேண்டும், அதை எங்கே வாங்குவது, எந்தப் பக்கம் சப்ஸ்டேஷன் போடுவது என்பதெல்லாம் அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012-ல் கரண்டு வரும் நேரம் பார்த்து நடுராத்திரியில் லேத் ஓட்டியவர்கள் நாங்கள். தேவை ஏறிய வேகத்துக்கு மின்நிலையங்கள் வரவில்லை. வெளிமாநிலத்தில் கரண்டு இருந்தும் கொண்டுவர லைன் போதவில்லை. தென்னக கிரிட் (தென்மாநிலங்களின் மின்கட்டமைப்பு) நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான்.

இப்போது தேவை இன்னும் பெரிது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மத்திய அரசின் 2023 ஜூன் வழிகாட்டுதல்படி விநியோக நிறுவனம் பத்தாண்டுக்கான மின்தேவைத் திட்டம் போட்டு, மாநில ஆணையத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் மதுரையில் மைக் வைத்துக் கேட்க வேண்டியது அந்தத் திட்டத்தைத்தான். கட்டணத்துக்கு ஒரு கூட்டம் வைப்பவர்கள் திட்டத்துக்கும் ஒன்று வைக்க வேண்டும்.

இன்னொரு குறை, இடைவெளி. 2022 ஆணை பல வருஷத்துக்கும் சேர்த்துப் போட்டது. அதன்படி விலைவாசிக் குறியீட்டை வைத்து ஜூலைதோறும் தானாக ஏறுகிறது: 2023-ல் 2.18 சதவீதம், 2024-ல் 4.83, 2025-ல் 3.16. இதற்கெல்லாம் மறுபடி யாரும் எங்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாசல் திறந்திருப்பதற்கு அவ்வளவும் தகும்.

ஆணையின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அடுத்த மனு வரும்போது ஆணையத்தின் வலைத்தளத்தில் அதை எடுத்துப் படியுங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஆட்கள் ஒரு வருஷ பில்லையும், கரண்டு போன தேதி, லோ வோல்டேஜ் வந்த நேரம் எழுதிய நோட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். எங்கள் ஊர் ஃபீடருக்கு (சப்ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு வரும் லைன்) இந்த மனுவில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள், வேலை எந்த வருஷம் முடியும் என்று கேளுங்கள்.